வாஷ்பேசின் அடியில் ஒழுக்கா? பூசி மறைக்காமல் கழற்றிச் சரியாக மாட்டுவது எப்படி

புது வீட்டில் பால் காய்ச்சிக் கொஞ்ச நாள்கூட ஆகியிருக்காது, பாத்ரூம் வாஷ்பேசின் அடியில் தரை எப்போதும் ஈரமாகவே கிடக்கும். மாட்டிய பிளம்பரைக் கூப்பிட்டால் வருவார், எம்சீல் பசையைப் பிசைந்து நட்டைச் சுற்றி அப்புவார், நாளைக்குத் தண்ணீர் விட்டால் போதும் என்று சொல்லிவிட்டுப் போவார். அடுத்த வாரம் மறுபடியும் அதே ஈரம். நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் புதிதாக வீடு கட்டிய எத்தனையோ பேர் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

புதிதாக மாட்டிய வாஷ்பேசின் ஒழுகினால், பெரும்பாலும் பொருளில் குறை இருக்காது. மாட்டிய விதத்தில்தான் இருக்கும். வாஷர் வரிசை மாறியிருக்கும், பேசினுக்குப் பொருந்தாத கப்ளிங் போட்டிருப்பார்கள், பைப் கோணலாக உட்கார்ந்திருக்கும், அல்லது நட்டை அளவுக்கு மீறி முறுக்கியிருப்பார்கள். தண்ணீர் வரும் வழி உள்ளே இருக்கும்போது வெளியே எவ்வளவு பூசினாலும் அது வேறொரு இடுக்கைத் தேடிக்கொள்ளும். மொத்தத்தையும் கழற்றி, துடைத்து, சரியான வரிசையில் திரும்ப மாட்டுவது ஒன்றுதான் நிற்கும். வேலை அரை நாள்தான். சிலிகான் காய்வதற்கு மட்டும் ஒரு நாள் ஒதுக்க வேண்டும்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் பாத்ரூம் தரை ஈரமாகக் கிடப்பது ஆபத்து. அது போக, நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டு மழையும் உண்டு. ஒருமுறை சுவர் ஊறிவிட்டால் அது முழுசாகக் காய்வதற்கு நீண்ட வெயில் கிடைப்பதில்லை.

எது எங்கே இருக்கிறது

பேசினின் ஓட்டையில் மேலிருந்து இறங்கும் பளபளப்பான பாகம் வேஸ்ட் கப்ளிங். வாஷ்பேசினுக்கு ஒன்றேகால் இஞ்ச், அதாவது 32 மி.மீ. அளவுதான் வழக்கம். மேலே தெரியும் வட்ட விளிம்பு பேசின் மேல் உட்காரும், மரை உள்ள உடல் ஓட்டை வழியே கீழே வரும், அடியில் ஒரு ரப்பர் வாஷரும் நட்டும் அதைப் பிடித்து நிறுத்தும். அதற்குக் கீழே பாட்டில் ட்ராப் இருக்கலாம், அல்லது வரிவரியாக வளையும் வெள்ளை வேஸ்ட் பைப் இருக்கலாம்.

பாட்டில் ட்ராப்பின் அடியில் ஒரு கிண்ணம் இருக்கும். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். குறைந்தது 50 மி.மீ. ஆழத்துக்கு அந்தத் தண்ணீர் நிற்பதால்தான் சாக்கடை நாற்றமும் கரப்பானும் மேலே வராமல் இருக்கின்றன. ட்ராப்பிலிருந்து சுவருக்குள் போகும் குழாயைச் சுற்றி ஒரு வட்டத் தகடு இருக்கும். அது அழகுக்கு மட்டும்தான், தண்ணீரைத் தடுக்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

இந்த வேலையில் பாதி இதுதான். ஒழுகும் தண்ணீர் பல நேரம் கண்ணுக்குத் தெரியும் இடத்திலிருந்து வருவதில்லை. கப்ளிங் நட்டில் கசியும் துளி குழாயின் மேலேயே ஒட்டிக்கொண்டு இறங்கும், ட்ராப்பின் நட்டைச் சுற்றி வரும், கிண்ணத்தின் அடிமுனையில் போய்த் தொங்கும், அங்கிருந்துதான் சொட்டும். பார்ப்பவர் கிண்ணம் ஒழுகுகிறது என்று நினைத்துக் கிண்ணத்தை முறுக்குவார். அதில் ஒரு குறையும் இருக்காது.

அதனால் முதலில் பேசின் அடியில் உள்ள எல்லாவற்றையும் பழைய வேட்டித் துணியால் ஈரமில்லாமல் துடையுங்கள். பைப், நட்டு, சுவர்த் தகடு, குழாய்க்கு வரும் கனெக்ஷன் பைப், அது சுவரில் தொடங்கும் இடத்து ஆங்கிள் வால்வு, ஒன்றையும் விட வேண்டாம். தரையில் செய்தித்தாளை விரியுங்கள். ஒரு டார்ச்சும் கொஞ்சம் டிஷ்யூ பேப்பரும் கையில் இருக்கட்டும். டிஷ்யூ பேப்பர் இல்லையென்றால் விரல் நுனியில் கொஞ்சம் முகப் பவுடரைத் தொட்டு நட்டுகளின் கீழ் விளிம்பில் தடவிவிடுங்கள். ஈரம் பட்ட இடம் உடனே கறுத்துக் காட்டிக்கொடுக்கும்.

சரி, இப்போது சோதனை. தண்ணீரே திறக்காமல் அரை மணி நேரம் பொறுங்கள். அப்போதும் ஈரம் வந்தால் அது பெரும்பாலும் வடிகால் ஒழுக்கு இல்லை. ஆங்கிள் வால்வையும் கனெக்ஷன் பைப்பின் இரண்டு முனைகளையும் தொட்டுப் பாருங்கள். டேங்கிலிருந்து வரும் தண்ணீருக்கு எப்போதும் அழுத்தம் இருப்பதால் அது ராத்திரியும் சொட்டும். வடிகால் பக்கமோ, எப்போதும் தண்ணீர் நிற்கும் ட்ராப் கிண்ணத்தைத் தவிர, தண்ணீர் போகும்போது மட்டும்தான் நனையும்.

அடுத்து பேசின் ஓட்டையை மூடியால் அடைத்து, பாதி அளவுக்குத் தண்ணீர் நிரப்புங்கள். அதில் துணிக்குப் போடும் சொட்டு நீலம் நான்கைந்து துளி விடுங்கள். கால் மணி நேரம் கழித்து அடியில் வெள்ளைப் பேப்பரை வைத்து ஒற்றிப் பாருங்கள். ஓட்டை அடைபட்டிருக்கும்போதே நீலம் இறங்கினால், கப்ளிங்கின் மேல் விளிம்பும் அடி வாஷரும் இரண்டுமே சரியாக உட்காரவில்லை, அல்லது பேசினிலேயே விரிசல் இருக்கிறது என்று அர்த்தம்.

மூடியை எடுத்து மொத்தத் தண்ணீரையும் ஒரே மூச்சில் இறக்கிவிடுங்கள். ட்ராப்பும் சுவர் இணைப்பும் ஒழுகுவதாக இருந்தால் இந்தப் பாய்ச்சலில்தான் தெரியும். குழாயை மெல்லத் திறந்து பார்த்துவிட்டு ஒழுக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

கடைசியாக, பேசினில் மேலே குழாய்க்கு எதிர்ப்பக்கமோ கீழேயோ ஒரு சின்ன ஓவர்ஃப்ளோ ஓட்டை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மூடியை மறுபடி அடைத்து, தண்ணீர் அந்த ஓட்டை வழியாகப் போகும் வரை நிரப்புங்கள். இப்போது மட்டும் ஒழுகினால் கீழே சொல்லப்போகும் கப்ளிங் விஷயம்தான் காரணமாக இருக்கும்.

ஹாஃப் த்ரெட்டா, ஃபுல் த்ரெட்டா

புது பேசின் ஒழுக்குகளில் பலரும் கவனிக்காமல் விடுவது இது. கடையில் வேஸ்ட் கப்ளிங் கேட்டால் இரண்டு வகை கொடுப்பார்கள். ஃபுல் த்ரெட் என்றால் உடல் முழுக்க மரை இருக்கும், பக்கவாட்டில் திறப்பு இருக்காது. ஹாஃப் த்ரெட் என்றால் கீழ்ப்பாதியில் மட்டும் மரை, மேல்பாதியில் பக்கவாட்டில் நீளத் திறப்புகள் இருக்கும்.

அந்தத் திறப்பு எதற்கு? ஓவர்ஃப்ளோ ஓட்டை உள்ள பேசினில், அந்த ஓட்டையில் நுழையும் தண்ணீர் பீங்கானின் உள்ளே இருக்கும் ஒரு வழியாக இறங்கி, கப்ளிங் நிற்கும் ஓட்டையின் பக்கவாட்டுக்கு வந்து சேரும். அது கப்ளிங்குக்குள் நுழைவதற்குத்தான் அந்தத் திறப்பு. அங்கே ஃபுல் த்ரெட் போட்டால் தண்ணீருக்கு உள்ளே போக வழியில்லை. உடலைச் சுற்றியே தேங்கி நின்று அடி வாஷரை எந்நேரமும் நனைத்துக்கொண்டிருக்கும். கொஞ்சம் இடுக்கு கிடைத்தாலும் வெளியே வந்துவிடும்.

தலைகீழாகவும் நடக்கும். இப்போது கவுண்டர் மேல் வைக்கும் பேசின்களும் கண்ணாடி பேசின்களும் நிறைய வருகின்றன. அவற்றில் பெரும்பாலும் ஓவர்ஃப்ளோ ஓட்டை இருக்காது. அதில் ஹாஃப் த்ரெட்டை மாட்டினால், கழிவுத் தண்ணீர் பக்கத் திறப்பு வழியாக வெளியே வந்து பேசினுக்கும் கப்ளிங்குக்கும் இடையில் நிற்கும். கண்ணாடி போல மெல்லிய பேசினாக இருந்தால் திறப்பின் அடிப்பகுதி பேசினுக்குக் கீழேயே வந்துவிடும், தண்ணீர் நேராகத் தரைக்குத்தான். இதை எம்சீல் வைத்து அடைக்கப் பார்ப்பது வீண்வேலை. கடைக்குப் போகும்போது பேசினைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள், ஓவர்ஃப்ளோ ஓட்டை உண்டா இல்லையா என்பதை முதலில் சொல்லுங்கள்.

உலோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளச்சல், முட்டம், கன்னியாகுமரி போலக் கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று மட்டமான முலாமைச் சீக்கிரமே தின்றுவிடும். கிணற்றுத் தண்ணீரும் உப்புக் கரித்தால் இன்னும் சீக்கிரம். பித்தளையில் குரோம் முலாம் பூசிய கப்ளிங் வாங்குங்கள், அல்லது நல்ல பிளாஸ்டிக் கப்ளிங்கே வாங்குங்கள். கடையிலேயே ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது பித்தளை இல்லை, கடலோர வீட்டுக்கு வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை

நட்டைத் திருப்ப, வாயைக் கூட்டிக் குறைக்கும் வாட்டர் பம்ப் பிளையர் ஒன்று போதும், பெரிய பைப் ரெஞ்ச் வேண்டாம். அதன் பல் முலாமைக் கீறும், அதோடு கை தெரியாமல் அதிகம் முறுக்கிவிடும். ஒரு சாதாரண பிளையர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஹேக்ஸா பிளேடு, சுரண்டுவதற்குப் பழைய கத்தி, வாளி, ரப்பர் கையுறை, துணி. வாங்க வேண்டியவை: பாத்ரூமுக்கான பூஞ்சை பிடிக்காத சிலிகான் ஒரு ட்யூப், 32 மி.மீ. ரப்பர் வாஷர் செட், தேவைப்பட்டால் புது கப்ளிங், சுவர்க் குழாய்க்கு ரப்பர் அடாப்டர். பழைய வாஷர் பார்க்க நன்றாக இருந்தாலும் திரும்பப் போடாதீர்கள்.

கழற்றுவது

யாரும் மறந்து குழாயைத் திறந்துவிடாமல் ஆங்கிள் வால்வை அடைத்துவிடுங்கள். அடைப்பு எடுக்க ஆசிட்டோ பவுடரோ ஊற்றியிருந்தால் முதலில் நிறைய தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டுக் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். ட்ராப் கிண்ணத்தில் அது தேங்கி நிற்கும், கழற்றும்போது முகத்தில் தெறிக்கலாம்.

அடியில் வாளியை வைத்துக் கிண்ணத்தைக் கையால் சுழற்றுங்கள். தண்ணீரோடு கொஞ்சம் முடியும் சோப்புக் கசடும் வரும், நாறும். கடற்கரைப் பக்க வீடாக இருந்தால் கிண்ணத்தில் மணல் கெட்டியாகப் படிந்திருப்பதைப் பார்க்கலாம். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் பால் எடுத்துவிட்டு வந்து இந்த பேசினிலேயே கை கழுவும் வீடுகளில், கையில் ஒட்டிய பால் திரிதிரியாகத் திரண்டு கிண்ணத்திலும் குழாய் வாயிலும் ஒட்டிக் கிடக்கும். தண்ணீர் மெதுவாக இறங்க அதுவே போதும். தண்ணீர் தேங்கி நின்றால், சும்மா இருக்கும் இணைப்புகூடக் கசியத் தொடங்கும். ரப்பர் பால் கையை வெளியில் கழுவிவிட்டு வருவது நல்லது.

பிறகு ட்ராப்பை மேல் நட்டிலும் சுவர்ப் பக்கத்திலும் விடுவியுங்கள். சுவர்க் குழாயின் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வேலை முடியும் வரை நாற்றம் வரும், கையில் இருக்கும் வாஷரும் உள்ளே விழுந்துவிடும்.

கப்ளிங்கின் அடி நட்டைத் திருப்பும்போது மேலே கப்ளிங்கும் சேர்ந்து சுற்றும். வீட்டில் ஒருவரை மேலே நிற்கச் சொல்லி, கப்ளிங்கின் சல்லடைத் துளையில் சாதாரண பிளையரின் இரண்டு கைப்பிடி நுனிகளையும் செருகி அசையாமல் பிடிக்கச் சொல்லுங்கள். நட்டு இறுகியிருந்தால் சுத்தியலால் தட்ட வேண்டாம், பீங்கான் விரிசல் விட்டுவிடும். எம்சீலோ வெள்ளை சிமெண்டோ பூசி நட்டு கல்லாகியிருந்தால், ஹேக்ஸா பிளேடால் நட்டை நெடுக்குவாட்டில் ஒரு பக்கம் அறுத்துவிடுங்கள், அப்படியே பிளந்து வரும். கப்ளிங் போனாலும் பரவாயில்லை, பேசின் முக்கியம்.

கழற்றிய ரப்பர் வாஷரை வெளிச்சத்தில் பிடித்து நன்றாகப் பாருங்கள். மாட்டியவர் என்ன செய்தார் என்பது அதில் தெரியும். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தால் கப்ளிங் கோணலாக நின்றிருக்கிறது. ஓரம் பிதுங்கி வெளியே வந்து கிழிந்திருந்தால் அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார். ரப்பரில் நட்டின் வட்டத் தடம் சுழிசுழியாகப் பதிந்திருந்தால், ரப்பருக்கும் நட்டுக்கும் நடுவில் போட வேண்டிய பிளாஸ்டிக் வாஷரைப் போடவே இல்லை. நட்டு சுற்றும்போது ரப்பரையும் சேர்த்து இழுத்துத் திருகிவிட்டது.

துடைப்பதும் பார்ப்பதும்

ஓட்டையைச் சுற்றி மேலும் கீழும் ஒட்டியிருக்கும் வெள்ளை சிமெண்ட், பழைய சிலிகான் எல்லாவற்றையும் கத்தியால் படுக்கைவாட்டில் சுரண்டி எடுங்கள். வெள்ளை சிமெண்டை நம் பக்கம் இன்னும் நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள். அது காய்ந்தால் விறைத்துவிடும். பேசினில் ஒருவர் கை ஊன்றினாலே கப்ளிங் இம்மியளவு அசையும், சிமெண்டில் மயிரிழை விரிசல் விழும், அது போதும் தண்ணீருக்கு. இந்த இடத்துக்கு வளைந்து கொடுக்கும் பொருள்தான் வேண்டும்.

பேசினின் அடிப்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். மேல்புறம் போல அது வழவழப்பாக இருக்காது, பல பேசின்களில் அடிப்புறம் சொரசொரப்பாகவும் மேடு பள்ளமாகவும் இருக்கும். மெல்லிய கெட்டி வாஷர் அங்கே படியாது. தடிமனான மெத்தென்ற ரப்பர் வாஷர்தான் சரி. மேடாக ஏதாவது நின்றால் உப்புத்தாளால் மெல்லத் தேயுங்கள். ஓட்டை விளிம்பிலிருந்து நீலக் கோடு ஏதாவது ஓடுகிறதா என்றும் பாருங்கள். முன்பு விட்ட சொட்டு நீலம் விரிசலில் ஏறி அதைக் காட்டிவிடும். விரிசல் இருந்தால் இங்கேயே நிறுத்திவிடுங்கள், பேசினை மாற்றுவதுதான் வழி.

கடைசியாகக் காய்ந்த துணியால் துடைத்து, ஃபேன் காற்றில் ஒரு மணி நேரம் விடுங்கள். மழைக்காலமாக இருந்தால் இன்னும் கூடுதலாக. சிலிகான் காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும், ஆனால் ஈரமான பீங்கானில் ஒட்டாது.

கப்ளிங்கை மாட்டுவது

சிலிகான் இல்லாமல் ஒருமுறை எல்லாவற்றையும் சும்மா மாட்டிப் பாருங்கள். கப்ளிங் நடுவில் நிற்கிறதா, ஹாஃப் த்ரெட்டானால் பக்கத் திறப்பு ஓவர்ஃப்ளோ வழி வந்து சேரும் பக்கத்தைப் பார்க்கிறதா, ட்ராப் சுவர் ஓட்டைக்கு நேராக வருகிறதா என்று பார்த்துக்கொண்டு கழற்றுங்கள்.

இப்போது கப்ளிங்கின் மேல் விளிம்புக்கு அடியில் சிலிகானைப் பென்சில் தடிமனில் வட்டமாக, இடைவெளி விடாமல் வையுங்கள். மேலிருந்து நேராக இறக்கி அழுத்துங்கள். பக்கத் திறப்பில் சிலிகான் போய் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடியில் வரிசை இதுதான்: முதலில் பேசினைத் தொட்டு ரப்பர் வாஷர், அதற்குக் கீழே பிளாஸ்டிக் வாஷர், அதற்குக் கீழே நட்டு. கூம்பு வடிவ ரப்பர் கொடுத்திருந்தால் குறுகின பக்கம் மேலே, ஓட்டையை நோக்கி இருக்க வேண்டும். ரப்பரை ஏற்றுவதற்கு முன், அது வந்து நிற்கப்போகும் இடத்து மரையிலும் கொஞ்சம் சிலிகானைத் தடவுங்கள். இது ஏன் என்றால், ரப்பர் பேசினை எவ்வளவு நன்றாகக் கவ்வினாலும், அதன் உள் வட்டத்தில் மரையின் பள்ளம் சுருளாகக் கீழே ஓடிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் அந்தப் பள்ளத்தைப் பிடித்தே சுற்றிச் சுற்றி இறங்கி நட்டுக்கு அடியில் வந்து சொட்டும். நட்டை எத்தனை முறுக்கினாலும் அது நிற்காததற்குக் காரணம் இதுதான். சிலிகானுக்குப் பதில் டெஃப்லான் டேப்பும் சுற்றலாம். மரையின் முனையைப் பார்த்தபடி கடிகாரம் சுற்றும் திசையில், இழுத்து, ஏழெட்டுச் சுற்று.

நட்டைக் கையால் இறுக்குங்கள். கை நின்ற பிறகு பிளையரால் கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று. ரப்பர் லேசாக அமுங்குவது தெரியும், அதோடு நிறுத்திவிடுங்கள். பிதுங்கத் தொடங்கினால் அதிகமாகிவிட்டது. இறுக்கும்போது மேலே கப்ளிங் சுற்றக் கூடாது, சுற்றினால் சிலிகான் வட்டம் அறுந்துவிடும். மேலே பிதுங்கிய சிலிகானை உடனே துடைத்து எடுங்கள். இனி 24 மணி நேரத்துக்கு இந்த பேசினில் தண்ணீர் வேண்டாம். குழாய் மேல் ஒரு துணியைக் கட்டிவிடுங்கள், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

ட்ராப்பும் சுவரும்

ட்ராப் நட்டுகளில் டெஃப்லான் சுற்ற வேண்டியதில்லை. அங்கே மரை இறுக்கிப் பிடிக்க மட்டும்தான், தண்ணீரைத் தடுப்பது உள்ளே இருக்கும் கூம்பு வாஷர். அதன் சரிந்த பக்கம் நுழையும் உடலை நோக்கியும் தட்டையான பக்கம் நட்டை நோக்கியும் இருக்க வேண்டும். குழாயில் முதலில் நட்டு, பிறகு வாஷர் என்று ஏற்றுங்கள். குழாய் வாஷரைத் தாண்டி ஒரு இஞ்ச்சாவது உள்ளே போக வேண்டும். எட்டாத குழாயை வாஷரின் விளிம்பில் தொட்டு நிறுத்திவிட்டுப் போவது அவசர வேலையில் அடிக்கடி நடக்கிறது. அது சில நாளில் தானே நழுவிவிடும். குழாய் எட்டவில்லை என்றால் நீளமான குழாய் வாங்குங்கள், இழுத்துப் பிடித்து மாட்டாதீர்கள்.

ட்ராப் நேராகத் தொங்க வேண்டும். ட்ராப்பிலிருந்து சுவருக்குப் போகும் குழாய் சுவர்ப் பக்கம் லேசாகத் தாழ்ந்திருக்க வேண்டும். சுவர் ஓட்டை ட்ராப்பின் வாயை விட உயரமாக இருந்தால் தண்ணீர் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து இணைப்பில் நிற்கும். அப்படி இருந்தால், கப்ளிங்கிலிருந்து இறங்கும் குழாயை ஹேக்ஸாவால் கொஞ்சம் அறுத்துக் குறைத்து ட்ராப்பை மேலே தூக்குங்கள். அறுத்த விளிம்பில் பிசிறு இருக்கும், அது புது வாஷரைக் கிழிக்கும். உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மாட்டுங்கள்.

இனி சுவர். வட்டத் தகட்டைப் பின்னுக்குத் தள்ளி டார்ச் அடித்துப் பாருங்கள். சுவருக்குள் இருப்பது பெரும்பாலும் 40 மி.மீ. பிவிசி குழாய், ட்ராப்பிலிருந்து போவது 32 மி.மீ. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி. அங்கே ரப்பர் அடாப்டர் இருக்க வேண்டும். பல வீடுகளில் ஒன்றுமே இருக்காது, குழாயைச் சும்மா செருகி, தகட்டை மேலே தள்ளி மறைத்திருப்பார்கள். தண்ணீர் கொஞ்சம் தேங்கினாலும் அந்த இடைவெளி வழியாகத் திரும்பிச் சுவருக்குள்ளேயே இறங்கும். தரையில் ஒரு சொட்டுகூட வராது. சுவரின் மறுபக்கம் படுக்கையறையில் பெயிண்ட் கொப்பளித்துப் பொரிந்து விழும். வீட்டுக்காரர் அதை மழைத் தண்ணீர் இறங்கியது என்று நினைத்து வெளிச்சுவருக்குச் செலவு செய்துகொண்டிருப்பார். பேசினுக்கு நேர் பின்னால் மட்டும் சுவர் பொரிந்தால் முதலில் இந்தத் தகட்டை நகர்த்திப் பாருங்கள்.

அடாப்டரைச் சுவர்க் குழாய்க்குள் முழுதாக அழுத்தி, அதன் உள் வளையத்தில் கொஞ்சம் சோப்புத் தண்ணீரைத் தடவி, ட்ராப் குழாயை இரண்டு இஞ்ச்சாவது உள்ளே தள்ளுங்கள். சுவர்க் குழாய் டைலுக்கு வெகு உள்ளே அறுபட்டிருந்தால் அடாப்டர் எட்டாது. அதற்கு ஒரு துண்டுக் குழாயை, பிவிசி ஒட்டும் பசையான சால்வெண்ட் சிமெண்ட் வைத்து ஒட்டி வெளியே நீட்ட வேண்டும்.

வளையும் வேஸ்ட் பைப் போட்டிருந்தால்

வடிகால் தரையில் இருந்தால் இதைத்தான் போட்டிருப்பார்கள். மேல் நட்டில் வாஷர் இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. பைப்பை இழுத்து நீட்டி எட்டவைத்திருந்தால் அது சுருங்கப் பார்த்துப் பார்த்து நட்டிலிருந்து விலகும், நீளமான பைப்பாக மாற்றுங்கள். நடுவில் ஒரு வளைவு கொடுத்துக் கட்டினால் அதில் தண்ணீர் நின்று நாற்றத்தைத் தடுக்கும். தரைக் குழாயில் செருகும் முனைக்கும் ரப்பர் அடாப்டர் உண்டு, அதைப் போடுங்கள். வரிப்பள்ளங்களில் அழுக்கு தங்கும் என்பதால் சுவரில் வடிகால் உள்ள வீட்டில் இந்தப் பைப்பை நான் ஒருபோதும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

திரும்பச் சோதிப்பது

24 மணி நேரம் ஆன பிறகு முன்பு செய்த அதே சோதனைகளை அதே வரிசையில் செய்யுங்கள்: அடைத்து நிரப்புவது, ஒரே மூச்சில் இறக்குவது, ஓவர்ஃப்ளோ வரை நிரப்புவது. இறக்கும்போது ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால் சுற்றித் தொட்டுப் பாருங்கள். ட்ராப் நட்டில் லேசான ஈரம் வந்தால் கால் சுற்று இறுக்கலாம். கப்ளிங் நட்டை மட்டும் இப்போது தொட வேண்டாம், இறுகிய சிலிகான் விட்டுப்போகும். அங்கே ஒழுகினால் கழற்றித் திரும்ப மாட்டுவது ஒன்றுதான் வழி. ராத்திரி அடியில் புதுச் செய்தித்தாளை விரித்துவிட்டுப் படுங்கள். காலையில் எல்லோரும் பல் தேய்த்து முகம் கழுவிய பிறகு அது காய்ந்திருக்கிறதா பாருங்கள்.

தண்ணீர் இறங்கும்போது களக் களக் என்று சத்தம் வந்து பிறகு நாற்றம் அடித்தால், ட்ராப்பில் நிற்க வேண்டிய தண்ணீரையும் குழாய் உறிஞ்சிக்கொண்டு போகிறது. சுவருக்குள் போகும் குழாய் செங்குத்தாக இறங்குவதோ, அந்தக் குழாய்க்குக் காற்று வழி இல்லாததோ காரணம். அது உங்கள் பிளையரில் தீராது. அதுபோலவே சுவருக்குள் உள்ள குழாயே விரிசல் விட்டிருந்தால், பின்பக்கத்துக்கு வாட்டம் இல்லாமல் குழாய் பதித்திருந்தால், டைலை உடைக்க வேண்டிவரும். அதற்கு அனுபவமுள்ள பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

அவர் வந்து வேலை முடித்ததும், கூலியைக் கையில் கொடுப்பதற்கு முன், "அண்ணே, பேசினை அடைச்சு நிறைய வச்சு ஒரு தடவை மொத்தமா திறந்துவிட்டுப் பாத்துருவோம்" என்று கேளுங்கள். நல்ல வேலைக்காரர் அதற்குக் கோபப்பட மாட்டார், அவரே துணியை எடுத்து அடியில் துடைத்துவிட்டு உட்கார்ந்து பார்ப்பார். மேலே பூச எம்சீலைக் கையில் எடுத்தால் மட்டும், கழற்றி வாஷரை மாற்றித் தரச் சொல்லுங்கள், அதற்கான கூலியையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.